துரைக்கண்ணுவுக்கு ஒரு குறுகிய கால ரகம்

கவிப்ரியாவிடம் நான் சொன்னது ஒரே ஒரு வரி. "உங்க அப்பா பியானோ வாசிக்கிறாரும்மா."

அதோடு நிறுத்தியிருந்தால் ஊர் அமைதியாக இருந்திருக்கும். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்து, ஒரு மூட்டை விதைநெல்லைத் தள்ளிவிட ஒன்பது மூட்டைப் பேச்சுப் பேசிப் பழகிய வாய் இது. சர்க்கார் ஓய்வு கொடுத்தது எனக்குத்தான், வாய்க்கு இல்லை.

"வாசிக்கிறாருன்னா சும்மாவா? சாயங்காலமானா தெருவே திரண்டு வந்து நிக்குது. போன வாரம் ஒரு லாரி டிரைவர் வண்டியை ஆஃப் பண்ணிட்டு இறங்கி வந்து, கேட்டுட்டு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போறான். மாடு ரெண்டு லிட்டர் கூடக் கறக்குதும்மா!"

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி அனுராதா தலையைத் தூக்காமல் கேட்டாள். "அவங்க வீட்ல மாடு ஏதுங்க?"

போனைப் பொத்திக்கொண்டு, "எதுத்த வீட்டு மாடு" என்றேன்.

மெல்போர்னிலிருந்து கவிப்ரியா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். முதலில் அவள் அப்பா துரைக்கண்ணுவை. அப்புறம், அங்கே ஒன்றும் தேறாமல், பக்கத்து வீட்டுக்காரனான என்னை. அவளுடைய அம்மா தையல்நாயகி போன மார்கழியில் இறந்துபோனாள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தஞ்சாவூர் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து துரைக்கண்ணு வீடியோவில் முகத்தைக் காட்டுவார். சாப்ட்டீங்களாப்பா? ம். மாத்திரை போட்டீங்களா? ம். மழையா? ம். என்னப்பா எதைக் கேட்டாலும் ம்முங்கறீங்க? ம்.

அதனால்தான் அன்று என்னிடம் அவள் கேட்டாள். "மாமா, மறைக்காம சொல்லுங்க. அப்பா நாள் பூரா என்னதான் பண்றாரு?"

உண்மையைச் சொல்வதென்றால் அதற்கும் ஒரு வரி போதும். காலையில் வயலுக்குப் போய்த் தண்ணீர் பார்ப்பார். வந்து கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். டிவி ஓடினால் டிவியைப் பார்ப்பார். கரண்ட் போய்விட்டால் ஓடாத டிவியைப் பார்ப்பார். டிவிக்குப் பக்கத்தில், கவிப்ரியா கல்லூரி முடித்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கி, கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன பியானோ. மின்சாரத்தில் ஓடுகிற வகை. தையல்நாயகி தன்னுடைய பழைய புடவை ஒன்றை அதன்மேல் போர்த்தியிருந்தாள். அதுதான் அந்த நேரத்தில் என் கண்ணுக்குள் வந்தது. சொல்லிவிட்டேன்.

கவிப்ரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். "மாமா, தலைத் தெவசத்துக்கு வர்றேன். முடிஞ்சதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு, வீட்டைப் பூட்டிட்டு, அப்பாவைக் கையோட கூட்டிட்டு வந்துடலாம்னு இருந்தேன். விசா வந்தாச்சு. அவருக்கும் சேத்து டிக்கெட் போட்டாச்சு. நீங்க சொல்றதுல பாதி உண்மையா இருந்தாக்கூட, அவரை அங்கேயே விட்டுட்டு நான் நிம்மதியா இருப்பேன். வந்து கேக்கறேன்."

பாதி! நான் சொன்னதில் பாதி என்றாலே பாதித் தெரு, பாதி லாரி, ஒரு லிட்டர் பால்.

முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். துரைக்கண்ணு நாற்காலியில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ம்" என்றார்.

"யோவ், ம்முன்னா? உன்னைக் கப்பல்ல ஏத்தப் போறாய்யா உன் மக. போறியா, இருக்கியா?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அங்க போனாலும் உக்காந்துதான் சார் இருக்கப்போறேன். இங்கன்னா காலையில தண்ணி பாக்க எந்திரிக்கணும். அங்க எதுக்கு எந்திரிக்கிறது?"

தையல்நாயகி போன பிறகு அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது. நான் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப வாசி."

"சரி."

எதிர்ப்பே இல்லை. தென்னை மரத்தில் ஏறு என்றிருந்தாலும் எழுந்துபோய் ஏறியிருப்பார்.

பியானோ மேலிருந்த புடவையை எடுத்தார். நாலாக மடித்தார். மடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றார். கட்டிலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். கடைசியில் ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். நான் எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருக்க வேண்டும். குனிந்து பியானோவின் பிளக்கைச் சொருகினேன்.

கட்டைகள் ஒவ்வொன்றின்மேலும் கவிப்ரியா ஒட்டிய ஆங்கில எழுத்து ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன. அவள் படித்த முதல் பாடப் புத்தகமும் கீழே இருந்தது. குழந்தைகளுக்கான புத்தகம். சுரத்தைக் காட்டுகிற புள்ளிகளுக்குள்ளேயே எழுத்து போட்டிருந்தது. எந்த எழுத்தோ அந்தக் கட்டை. முதல் ஏழெட்டுப் பக்கங்களைக் கரையான் சாப்பிட்டிருந்தது. அதிலென்ன, நமக்கு முன்னுரையா முக்கியம் என்று மேலே போனேன்.

பக்கத்துக்கு இரண்டிரண்டு வரிசை. மேல்வரிசை வலப்பக்கக் கட்டைகளுக்கு, கீழ்வரிசை இடப்பக்கக் கட்டைகளுக்கு. அது எழுத்துகளைப் பார்த்தாலே விளங்கியது. புள்ளிகளின் தலையில் பொடிப்பொடியாக ஒன்று முதல் ஐந்து வரை எண்கள்.

"விரல் நம்பர்யா" என்றேன். "எந்த விரலால அமுக்கணும்னு போட்டிருக்கான். ஒண்ணுன்னா எது?"

துரைக்கண்ணு கேள்வியே புரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கையை விரித்து, கட்டைவிரலைக் கொண்டுபோய்ச் சுண்டுவிரலின் அடியில் வைத்தார். களத்தில் மூட்டை எண்ணுவதும் அப்படித்தான், கல்யாண வீட்டில் பந்தி எண்ணுவதும் அப்படித்தான். "ஒண்ணு" என்றார். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அங்கேதானே எல்லோரும் ஆரம்பிப்போம்?

மேல்வரிசையில் முதல் புள்ளி சி. எண் ஒன்று. அங்கிருந்து வலப்பக்கமாக டி, இ, எஃப், ஜி. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. துரைக்கண்ணு வலது கையை வைத்தார். சுண்டுவிரல் சி-யில் இருக்க வேண்டும்; அது அந்தக் கோடியில் போய் நின்றது. கையை மல்லாத்தினால்தான் சரிவரும். மல்லாந்த கையால் எப்படி அமுக்குவது?

"இடது கையை வைய்யா" என்றேன்.

வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது! சுண்டுவிரல் சி, மோதிரவிரல் டி, கட்டைவிரல் ஜி. கீழ்வரிசைக்கு வலது கை. அதுவும் கச்சிதம். ஆக இடது கை வலப்பக்கம் போக வேண்டும், வலது கை இடப்பக்கம் போக வேண்டும். இரண்டு கையையும் குறுக்கே மாற்றிப் போட்டுக்கொண்டு, பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போட நிற்கிறவர் மாதிரி துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார்.

"இப்படியா சார்?"

"பின்னே? வெள்ளக்காரன் சும்மாவா இதைக் கண்டுபிடிச்சான்? மூளைக்கு நல்லதுய்யா. ரெண்டு பக்க மூளையும் ஒரே நேரத்துல வேலை செய்யும்."

"டிவியில நேரா வெச்சுல்ல வாசிக்கிறான்."

"அது பழகினவன். சைக்கிள் ஓட்டுறவன் கையை விட்டுட்டு ஓட்டறான்ல, அது மாதிரி. ஆரம்பப் பாடம் இதுதான்."

"சரி" என்றார்.

அடுத்தது பாட்டுத் தேர்வு. இதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாபநாசம் வட்டாரத்தில் ஐம்பதாயிரம் விவசாயிகளுக்கு இன்ன நிலத்துக்கு இன்ன நெல் ரகம் என்று சொல்லி வாழவைத்தவன் நான். (வட்டாரத்தில் மொத்தமே அத்தனை பேர் இல்லை என்பது அனுராதா கட்சி.) நிலம் என்ன, தண்ணீர் எவ்வளவு, நாள் எத்தனை, மூன்று கேள்வி. துரைக்கண்ணு என்கிற நிலமோ மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், ஒரு கட்டையை அமுக்கினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து இறங்கும். தண்ணீர் என்று பார்த்தால், அந்த மனுஷனுக்குள் ஒரு சொட்டு இல்லை. நாள் மூன்று மாதம்.

முதலில் பேராசைப்பட்டேன். பாபநாசம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் போய், உலகத்திலேயே ஆளை உருக்குகிற பியானோப் பாட்டு எது என்று தேடச் சொல்லி, எழுத்தும் விரல் நம்பரும் போட்டதாக ஒன்றை அச்செடுத்து வந்தேன். மெதுவாகப் போகிற பாட்டுதான். மெதுவானது சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் இரண்டாவது வரியிலேயே மேல்வரிசை கீழே இறங்கி வந்தது, கீழ்வரிசை மேலே ஏறிப் போனது. துரைக்கண்ணுவின் கைகளோ ஏற்கெனவே இடம் மாறி இருக்கின்றன. முழங்கை முழங்கையோடு மாட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் அவரால் கையை வெளியே எடுக்கவே முடியவில்லை. நான்தான் பின்னாலிருந்து ஒவ்வொரு கையாகப் பிரித்துவிட்டேன். வலிக்குதா என்று கேட்டேன்.

"தெரியல சார்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

அன்று படுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன மடத்தனம்! தண்ணீர் தாமதமாக வருகிற வருடத்தில் நீண்ட கால ரகத்தையா சிபாரிசு செய்வான் ஒரு வேளாண்மை அலுவலர்? குறுகிய கால ரகம் அல்லவா போட வேண்டும்? மறுநாளே கம்ப்யூட்டர் கடைக்குப் போய் நீளத்தை மட்டும் பார்த்து ஒன்றைப் பொறுக்கினேன். அரைப் பக்கம். மொத்தமே ஒரு நிமிடம் ஓடாது.

துரைக்கண்ணு காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "சார், இது எழுத்தா, எறும்பா?"

"சின்னப் பாட்டுய்யா. அரைப் பக்கத்தை முடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

அதை எழுதினவன் ஒரு நிமிடத்துக்குள் ஒரு ஜென்மத்துப் புள்ளிகளைக் கொட்டியிருந்தான். பிறகுதான் கடைக்காரர் சொன்னார், பெரிய பெரிய வித்வான்கள் விரல் வேகத்தைக் காட்டுவதற்காக வாசிப்பதாம் அது. துரைக்கண்ணு ஒரு வாரம் அதோடு கிடந்தார். குறை சொல்லவில்லை, கோபப்படவில்லை, முடியவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. முதல் வரியின் பாதி வரை போவார், கை மாட்டும், எடுப்பார், மறுபடி ஆரம்பிப்பார். வாய்க்காலில் அடைத்த பிளாஸ்டிக் பையைக் காலால் தள்ளுகிற மாதிரி.

"ஏங்க" என்றாள் அனுராதா. "துரைக்கண்ணு அண்ணன் வீட்ல பரண்ல எலி ஓடுதா?"

"பியானோடி."

"அப்ப எலிக்குப் பொறி வேணாம். இதுவே போதும்."

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டது. நான் யோசித்து யோசித்துக் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். தையல்நாயகி மிளகாய் ஆயும்போதும் துணி மடிக்கும்போதும் முணுமுணுக்கிற பழைய சினிமாப் பாட்டு ஒன்று உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு வருடக்கணக்கில் நானே ஆயிரம் தடவை... சரி, நூறு தடவை கேட்டிருப்பேன். கடைக்காரரிடம் அதை எழுத்தாக மாற்றித் தரச்சொல்லி வாங்கினேன். அதில் கை அதிகம் நகர வேண்டாம். மேல்வரிசை மட்டும்தான். முக்கியமாக, என் கணக்கு என்னவென்றால், இதை வாசித்தால் துரைக்கண்ணு அழுவார். ஒரு தடவை உடைந்துவிட்டால் அப்புறம் தானாகத் தண்ணீர் பாயும்.

நாலே நாளில் வாசித்துவிட்டார். ஒரு தப்பு இல்லை. உர மூட்டையின் மேல் போட்டிருப்பதைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு புள்ளியாக, ஒரே அளவாக, ஒரே அழுத்தமாக. அழுதது நான்தான். கண்ணைத் துடைத்தேன். துரைக்கண்ணு திரும்பிப் பார்த்தார். கண்ணில் பூச்சி விழுந்ததா என்று கேட்கிறவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"யோவ், உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணணும்னுதான் சார் பாக்குறேன்."

கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"பல்லு புடுங்க ஊசி போடுவாங்கல்ல சார். அப்புறம் கன்னத்தைத் தொட்டுப் பாத்தா, யாரோட கன்னத்தையோ தொடுற மாதிரி இருக்கும். இருக்குன்னு தெரியும். நம்மளுதுன்னு தெரியாது. அது மாதிரி கெடக்கு." காகிதத்தை எடுத்துத் தள்ளி வைத்தார். "இது வேணாம் சார். இந்தப் பாட்டு என்னத்தையோ கேக்குது. குடுக்க எங்கிட்ட இல்ல."

அதற்குப் பிறகு நான் கடைத்தெருவுக்குப் போகவில்லை. போய் என்ன சொல்லித் தேடச் சொல்வது?

பத்து நாள் கழித்து மத்தியானத்தில், மழை விட்டிருந்த நேரம், அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். துரைக்கண்ணு கைகளை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். ஆனால் சத்தமே இல்லை. டொக், டொக் என்று கட்டைகள் இறங்கி ஏறும் ஓசை மட்டும் வந்தது. ஃபேன் ஓடவில்லை. ஃபிரிட்ஜ் உறுமவில்லை.

"கரண்ட் இல்லையேய்யா?"

"ஆமா சார். காலையிலயே போயிடுச்சு."

"அப்பறம் என்னத்த வாசிக்கிற?"

தலையால் புத்தகத்தைக் காட்டினார். கவிப்ரியாவின் புத்தகம். கரையான் தின்றதற்கு அடுத்த பக்கம். ஒரு வாத்துப் படம், தலையில் குடை. அதன் கீழே நான்கு வரி. மேல்வரிசையில் இடது கையின் ஐந்து விரலும் ஐந்து கட்டைமேல். ஒன்றுகூட இடத்தைவிட்டு நகர வேண்டாம். கீழ்வரிசையில் வலது கைக்கு மொத்தமே இரண்டு கட்டை, மாற்றி மாற்றி, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை. கையும் கையும் ஒன்றையொன்று தேடி வரவே வராது.

"இது பாட்டே இல்லையேய்யா. பாலர் பள்ளிப் பாடம்."

"ஆமா சார்."

"இதையா அவ மெல்போர்ன்லேருந்து வந்து கேக்கணும்?"

"மத்ததெல்லாம் நம்மளை எங்கயோ கூட்டிட்டுப் போகப் பாக்குது. இது ஒண்ணும் கேக்கல" என்றார். "உக்காந்த எடத்துலயே இருக்கு. முடிஞ்சா மறுபடி மேலேருந்து."

மறுபடி மேலேருந்து ஆரம்பித்தார். டொக், டொக், டொக். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தமில்லாத வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.  அனுராதா வந்து பார்த்திருந்தால் வட்டார மருத்துவமனைக்குப் போன் போட்டிருப்பாள்.

மார்கழியில் கவிப்ரியா வந்து இறங்கினாள். கணவனுக்கு லீவு இல்லை, தனியாகத்தான் வந்திருந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். "ம்" என்றார்.

தெவசம் நல்லபடியாக நடந்தது. தையல்நாயகிக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தார்கள். காக்கை வந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டு, துரைக்கண்ணுவின் தோளைத் தொட்டு, "பொண்ணோட போய் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ம் சொன்னார். கூடத்தில் புதுப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அதில் அவருடைய வேட்டிகள் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தன. கவிப்ரியா கம்பளிச் சட்டை ஒன்றை மேலே வைத்தாள்.

பாத்திரங்கள் கழுவி முடித்து, கூடத்தில் துரைக்கண்ணுவும் அவளும் நானும் அனுராதாவும் மட்டும் இருந்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, தெரு எங்க?"

"என்னம்மா?"

"சாயங்காலமானா திரண்டு வந்து நிக்கும்னீங்களே. லாரிகூட ஒண்ணையும் காணோம்."

"தெவசத்தன்னிக்கு எப்படிம்மா வருவாங்க? நாந்தான் வராதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். நூறு பேராவது திரும்பிப் போயிருப்பாங்க."

"லாரியையும் திருப்பி அனுப்பிட்டாரும்மா" என்றாள் அனுராதா.

கவிப்ரியா சிரிக்கவில்லை. "அப்பா, வாசிங்கப்பா. கேக்கணும்" என்றாள். அவள் கண் பெட்டியின் மேல்தான் இருந்தது.  வாத்து! குடை பிடித்த வாத்தை நம்பி ஒரு மனுஷனுடைய வீடும் வயலும்.

துரைக்கண்ணு எழுந்தார். புடவையை எடுத்து நாலாக மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அந்தப் புடவையைக் கவிப்ரியா பார்த்தாள். அவர் உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்தார். மூச்சை இழுத்து, இடது கையைத் தூக்கி வலப்பக்கம் வைத்தார். வலது கையை அதன் கீழே நுழைத்து இடப்பக்கம் வைத்தார்.

"அப்பா?"

வாசித்தார். வாத்து நாலு வரி நடந்தது. ஒரு தப்பில்லை. வலது கை இரண்டு கட்டையை மாற்றி மாற்றி, ஒரே சீராக. இடது கை ஐந்து விரலுக்குள்ளேயே ஏறி இறங்கியது. முடிந்ததும் கைகளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அனுராதா தண்ணீர் எடுக்க எழுந்தாள். அழுகை இல்லை. சிரிப்பு. கட்டுப்படுத்திப் பார்த்தாள், முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யாருப்பா... யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.

"விரல் நம்பர் போட்டிருக்கும்மா" என்றார் துரைக்கண்ணு. "ஒண்ணு, ரெண்டு..." சுண்டுவிரலிலிருந்து எண்ணிக் காட்டினார்.

"ஐயோ அப்பா! கட்டைவிரல்தான் ஒண்ணு. அங்கேருந்துதான் எண்ணணும். முதல் பக்கத்துலயே கை படம் போட்டிருப்பானே!"

"அதைக் கரையான் தின்னுடுச்சு" என்றேன்.

"தள்ளுங்க, காட்டறேன்." அவள் அவரை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நேராக வைத்து வாத்தை நடத்திக் காட்டினாள். வெண்ணெய் மாதிரி போனது. "எவ்வளவு சுலபம் பாருங்க. கையைப் பிரிச்சு வைங்க. ம், வைங்கப்பா."

துரைக்கண்ணு அவள் பக்கத்தில் நின்றவாறே கைகளை நேராக வைத்தார். அமுக்கினார். தப்பு. மறுபடி அமுக்கினார். இடது கைக்கு இரண்டு கட்டை போதவில்லை, அது ஐந்தையும் தேடியது. வலது கையோ ஐந்து கட்டைமேல் நின்றுகொண்டு இரண்டையே மாற்றி மாற்றித் தட்டியது. கவிப்ரியா அவர் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக வைத்தாள். "இது ஒண்ணு. இது ரெண்டு. இல்லப்பா, இது."

"விடு."

"கொஞ்சம் பழகினா வந்துடும்ப்பா. அங்க நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு டீச்சர் இருக்காங்க. முதல்லேருந்து சரியா..."

"விடுன்னேன்ல!"

எடுத்து வந்த தண்ணீர்த் தம்ளரை அனுராதா கீழே வைத்தாள். அந்த வீட்டில் ஒரு வருடமாக யாரும் குரலை உயர்த்தியதில்லை.

"எந்திரி" என்றார் துரைக்கண்ணு. "எந்திரி கவி. அது நான் உக்கார்ற எடம். மூணு மாசமா நான் இப்படித்தான் வாசிக்கிறேன். ஒண்ணும் குடி முழுகிடல. தப்பு தப்புங்கறே, எங்க தப்பா கேட்டுச்சு? சொல்லு. காதுல கேட்டது தப்பா? நீ வாசிச்சதும் அதே வாத்து, நான் வாசிச்சதும் அதே வாத்து. எனக்கு இப்படித்தான் வரும். இதையும் புடுங்கிட்டு முதல்லேருந்து ஆரம்பின்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது நான்?"

கவிப்ரியா எழுந்து நின்றாள். சிரிப்பு போய்விட்டது. அவர் உட்கார்ந்து, கைகளைக் குறுக்கே போட்டு, மேலேருந்து வாசித்தார். இந்தத் தடவை ஒரே அளவாக இல்லை. கட்டைகளைப் படார் படாரென்று அறைந்தார். வாத்து ஓட்டமும் நடையுமாகப் போனது. மூன்றாவது வரியில் ஒரு தப்பு. "ச்சே" என்று தன்னையே திட்டிக்கொண்டு அந்த வரியை மறுபடி வாசித்து முடித்தார்.

முடித்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது.

"மழை வலுக்கும் போலருக்கு. பயிர் கதிர் வாங்குற நேரம். தண்ணியை வடிச்சு விடணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

 என் வாழ்க்கையில் முதல் தடவையாக என்ன சொன்னாலும் எடுபடாது என்று தோன்றியது. ஆனாலும் வாய் கேட்கவில்லை.

"பாத்தியாம்மா, கோவம் வந்தா இன்னும் நல்லா வாசிப்பாரு."

"நீங்க சொன்னதுல பாதிகூட இல்ல மாமா" என்றாள்.

"கால்வாசி?"

அவள் திரும்பினாள். பெட்டியருகே போய்க் குனிந்து நின்றாள். கம்பளிச் சட்டையைத் தொட்டாள்.

"என்னை எந்திரிங்கறாரு மாமா" என்றாள் கடைசியில். "அம்மா போனதுலேருந்து என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடல. இன்னிக்கு எந்திரி கவிங்கறாரு."

கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு வேட்டிகளை, ஒவ்வொன்றாக. அனுராதா ஒன்றும் கேட்காமல் அவற்றை வாங்கி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். நான் உதவிக்குப் போனேன். "நீங்க சும்மா இருங்க, போதும்" என்றாள் அனுராதா. சும்மா இருந்தேன்.

பெட்டி காலியானதும் கவிப்ரியா பியானோ முன்னால் போய் உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடது கையைத் தூக்கி வலப்பக்கம் வைத்தாள். வலது கையைக் கீழே நுழைத்தாள். ஒரு வரிகூடப் போக முடியவில்லை. நாலாவது புள்ளியிலேயே விரல் குழம்பியது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அதே இடம்.

மழை இறங்கிவிட்டிருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது, வாசற்படியில் முழங்கால்வரை சேறோடு துரைக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. காலியான பெட்டியைப் பார்த்தார். மகளின் கைகளைப் பார்த்தார்.

"சுண்டுவிரல்தான் ஒண்ணு" என்றார்.